மாற்றுச் சாவியும் அதனுள் மறைந்துள்ள எண்ணும்

வீட்டுப் பூட்டின் சாவி காணாமற்போனால் பூட்டை உடைத்துவிட்டுப் புதியதொன்று வாங்கிக்கொள்ளலாம். மோட்டார் வண்டியின் சாவி காணாமற்போனால் அவ்வாறு செய்ய இயலாது. இக்காலத்து வண்டிகள் பலவற்றின் சாவி வெறும் உலோகத் துண்டன்று. அதன் பிடிக்குள் கண்ணுக்குப் புலப்படாத ஓர் எண் பொதிந்திருக்கிறது. பல்வரிசை பிசகாமல் வெட்டப்பட்ட சாவியாயினும், அந்த எண்ணைப் பெறாததாயின், அது கதவைத் திறக்கும். பூட்டினுள் திரும்பவும் செய்யும். ஆனால் எஞ்சினை ஓடவிடாது.

இந்த உண்மையை அறியாமையால் வண்டி உடையோர் இருவகை நஷ்டம் அடைகின்றனர். சிலர், மாற்றுச் சாவி என்றாலே பெருஞ்செலவு என்று அஞ்சி, ஒரே சாவியுடன் பல ஆண்டுகளைக் கழித்து, அதுவும் தொலைந்த நாளில் பன்மடங்கு செலவு செய்கின்றனர். வேறு சிலர், மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக எவரிடமோ சாவியைக் கொடுத்து, வண்டியின் பாதுகாப்பையே இழந்துவிடுகின்றனர். கிராமப்புறங்களிலும் மலைப்பகுதிகளிலும் ஜீப்பில் சுற்றுப்பயணம் செய்யும் களப் பணியாளர்களுக்கு இது மேலும் முக்கியமானது. தடுப்பூசி மருந்தோ விதை மாதிரியோ ஏற்றிய வண்டி, ஒரு சிறு சாவி ஓடையில் விழுந்த காரணத்தால் பட்டணத்துக்குப் பல மைல் தொலைவில் நின்றுவிடுமாயின், நஷ்டமடைவது பணம் மட்டுமன்று.

மாற்றுச் சாவியின் விலையை நிர்ணயிப்பது பெரும்பாலும் வண்டியின் மதிப்பன்று. கேட்கும் நாளில் உடையவர் கையில் எத்தனை சாவிகள் உள்ளன என்பதேயாகும். இதன் காரணத்தை விளங்கிக்கொள்ளச் சாவியின் அமைப்பையும் அது வேலை செய்யும் விதத்தையும் முதலில் காண்போம்.

மல்லேஸ்வரத்துத் தெருவில் ஒரு வண்டி

பெங்களூரில் 1898-ஆம் ஆண்டில் பிளேக் நோய் பரவிய பின்னர், நெருக்கம் மிகுந்த பழைய நகரத்திலிருந்த மக்களுக்குக் காற்றோட்டமான வசிப்பிடம் அமைக்கும் நோக்கத்துடன் வகுக்கப்பட்ட பேட்டைகளுள் மல்லேஸ்வரம் ஒன்று; பசவனகுடி மற்றொன்று. காடு மல்லேஸ்வர சுவாமி கோயிலால் பெயர் பெற்ற இப்பேட்டையில், செண்பக மரத்தின் பெயர் தாங்கிய சம்பிகே ரோடும் வேம்பின் பெயர் தாங்கிய மார்கோசா ரோடும் ஒன்றுக்கொன்று இணையாகச் செல்கின்றன. குறுக்குத் தெருக்கள் எண்களால் அறியப்படுகின்றன. மோட்டார் வண்டி நம் நாட்டில் மிக அரிதாயிருந்த காலத்தில் வகுக்கப்பட்ட தெருக்களாதலால், இன்று பல வண்டிகள் இரவு முழுவதும் தெருவோரத்திலேயே நிற்கின்றன.

அத்தகைய குறுக்குத் தெரு ஒன்றில், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டில் பத்து ஆண்டுப் பழமையான சிறு கார் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாங்கியபோது இரண்டு சாவிகள் இருந்தன. ஒன்று எங்கோ தவறிவிட்டது. எஞ்சியதன் பிடியிலும் விரிசல் கண்டிருக்கிறது. கடைவீதியில் சாவி வெட்டுபவர் உலோகச் சாவி ஒன்றைச் சொற்பக் கூலிக்கு வெட்டித் தருகிறார். அது கதவைத் திறக்கிறது, ஆனால் வண்டி ஓடவில்லை. கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற பணிமனையிலோ பல ஆயிரம் ரூபாய் ஆகும் என்கிறார்கள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நியாயமான வழி ஒன்று உண்டா என்பதே அவர் முன் நிற்கும் கேள்வி.

சாவியின் மூன்று உறுப்புகள்

‘சாவி’ என்னும் சொல் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து நம்மிடம் வந்தது. கன்னடத்தில் அதனைப் ‘பீகத கை’, அதாவது பூட்டின் கை, என்பர். பழைய சாவிக்கு அப்பெயர் முற்றிலும் பொருந்தும். இன்றைய வண்டிச் சாவிக்குக் கையோடு வாயும் உண்டு எனலாம்.

முதல் உறுப்பு அலகு. இது பூட்டினுள் நுழையும் உலோகத் தகடு. விளிம்பில் பல் வெட்டப்பட்டதாகவோ, பக்கத்தில் நெளிவான பள்ளம் குடையப்பட்டதாகவோ இருக்கும். முன்னதைச் சாதாரண வெட்டு யந்திரமே நகலெடுக்கும். பின்னதற்குக் குடைவு யந்திரம் வேண்டும்.

இரண்டாவது உறுப்பு சில்லு. ஆங்கிலத்தில் செலுத்துவது, மறுமொழி கூறுவது என்னும் இரு சொற்களை இணைத்து இதற்கு ‘டிரான்ஸ்பாண்டர்’ எனப் பெயரிட்டனர். நெல்மணியைவிடச் சற்றுப் பெரிய கண்ணாடிக் குழாயாகவோ, கருநிறமான சிறு ஆப்பு வடிவிலோ இது பிடிக்குள் அமைந்திருக்கும். ஆப்பு வடிவுள்ள ஒருவகைச் சில்லின் நீளம் 12 மில்லிமீட்டர், அகலம் 6 மில்லிமீட்டர், கனம் 3 மில்லிமீட்டர் மட்டுமே.

மூன்றாவது உறுப்பு தொலைவிலிருந்து கதவைப் பூட்டவும் திறக்கவும் உதவும் பொத்தான் பகுதி. சிறு மின்கலம் தேவைப்படுவது இதற்கு மட்டுமே. சாவியின் மின்கலம் தீர்ந்துவிட்டால் வண்டி ஓடாது என்று பலர் எண்ணுகின்றனர். பூட்டினுள் செருகித் திருப்பும் வகைச் சாவிகளைப் பொறுத்தவரை இது தவறு. சில்லுக்கு மின்கலமே வேண்டியதில்லை.

இம்மூன்று உறுப்புகளும் தனித்தனியே விலையுள்ளவை. அலகு மலிவானது, சில்லு நடுத்தரமானது, பொத்தான் பகுதியே பல வண்டிகளில் அதிக விலையுடையது. சிக்கனத்தின் முதற்படி இந்த வேறுபாட்டை அறிந்துகொள்வதேயாகும்.

கேள்வியும் மறுமொழியும்

மின்கலம் இல்லாத சில்லு எவ்வாறு வேலை செய்கிறது? இதற்கு விடையளிப்பது மைக்கேல் பாரடே 1831-ஆம் ஆண்டில் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் தத்துவம். சாவி நுழையும் பூட்டைச் சுற்றிலும், வளையம்போல், செம்புக் கம்பிச் சுருள் ஒன்று மறைவாகப் பொருத்தப்பட்டுள்ளது. சாவி திருப்பப்பட்டதும் அச்சுருளில் மாறுமின்னோட்டம் பாய்கிறது. பல வண்டிகளில் அதன் அதிர்வெண் 125 கிலோஹெர்ட்ஸ். அஃதாவது விநாடிக்கு 1,25,000 முறை. இதனால் உண்டாகும் மாறும் காந்தப்புலம், சாவிக்குள் இருக்கும் நுண்ணிய சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. அந்த அற்ப மின்சாரமே சில்லை விழிக்கச்செய்து பேசவைக்கப் போதுமானது. சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் மட்டுமே இது நிகழும்.

மல்லேஸ்வரத்தின் தென்கோடியில், சம்பிகே ரோட்டின் பெயரைத் தாங்கி 2014-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மெட்ரோ ரயில் நிலையத்தில் பிரயாணிகள் வாயிலருகே காட்டிச் செல்லும் அட்டையும் இதே தத்துவத்தைச் சார்ந்தது. அவ்வகை அட்டைகள் பொதுவாக 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகின்றன. யானைகளையும் வளர்ப்பு நாய்களையும் அடையாளம் காணத் தோலுக்கடியில் செலுத்தப்படும் கண்ணாடிச் சில்லு, சாவிச் சில்லின் நெருங்கிய உறவினம்.

சில்லு கூறும் மறுமொழி இருவகைப்படும். தொடக்ககாலச் சில்லுகள், கேட்டபோதெல்லாம் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் கூறின. வாயிற்காவலனிடம் தினமும் ஒரே அடையாளச் சொல்லைக் கூறுவதைப் போன்றது இது. ஒருமுறை ஒட்டுக்கேட்டவன் மறுமுறை உள்ளே நுழைந்துவிடலாம். பின்னர் வந்த சில்லுகள் சங்கேத முறையைக் கையாளுகின்றன. வண்டி ஒவ்வொரு முறையும் புதிய எண் ஒன்றைக் கேள்வியாக அனுப்புகிறது. சில்லு தன்னிடமுள்ள இரகசிய எண்ணைக்கொண்டு அதற்கு ஒரு கணக்குப் போட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்புகிறது. வண்டியும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிடுகிறது. இரகசிய எண் ஒருபோதும் வெளியே உச்சரிக்கப்படுவதில்லை.

விடை பொருந்தாவிடில் எரிபொருளும் தீப்பொறியும் தடுக்கப்படுகின்றன. சில வண்டிகளில் எஞ்சின் சுழலவே சுழலாது. வேறு சிலவற்றில் ஓரிரு விநாடி ஓடிப் பின் நின்றுவிடும். முகப்புப் பலகையில் சாவி அல்லது பூட்டு வடிவிலான சிறு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். இந்த அமைப்பு முழுவதையும் இம்மொபிலைசர், அதாவது இயக்கத்தடைக் கருவி, என்பர். மாருதி கார்களில் காணப்படும் ‘ஐகேட்ஸ்’ இவ்வகையினது.

இத்தடை தோன்றிய காரணம்

அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டின் கார்வெட் காரில், சாவியின் அலகில் சிறு மின்தடை ஒன்றைப் பதித்து, அதன் அளவை வண்டி அளந்து பார்க்கும் முறை புகுத்தப்பட்டது. பதினைந்து வகைத் தடைகளே இருந்தமையால், பொறுமையுள்ள திருடன் ஒவ்வொன்றாக முயன்று பார்க்க இடமிருந்தது. 1990-களில் ஐரோப்பாவில் கார் திருட்டு பெருகவே, ஐரோப்பிய யூனியன் முழுவதிலும் 1998-ஆம் ஆண்டில் புதிய கார்களுக்கு மின்னணு இயக்கத்தடை கட்டாயமாயிற்று. ஆஸ்திரேலியாவில் 2001-லும் கனடாவில் 2007-லும் இவ்விதி வந்தது.

இதன் பயனை நெதர்லாந்து நாட்டின் புள்ளிவிவரங்களைக்கொண்டு பொருளாதார அறிஞர் இருவர் ஆராய்ந்தனர். 2016-ஆம் ஆண்டில் வெளியான அவ்வாராய்ச்சியின்படி, 1995 முதல் 2008 வரையிலான காலத்தில் கார் திருட்டு விகிதம் இக்கருவியால் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. இக்கருவி இல்லாமையின் விளைவையும் உலகம் கண்டிருக்கிறது. அமெரிக்காவில் 2015-ஆம் ஆண்டு மாதிரிகளில், ஹூண்டாய், கியா ஆகிய இரு பெயர்களில் விற்கப்பட்டவற்றுள் 26 சதவீத மாதிரிகளிலேயே இது இயல்பாகப் பொருத்தப்பட்டிருந்தது. ஏனைய கம்பெனிகளின் மாதிரிகளிலோ 96 சதவீதத்தில் இருந்தது. அக்குறையை இளைஞர் சிலர் கண்டறிந்து படம்பிடித்துப் பரப்பவே, 2022-ஆம் ஆண்டில் அந்நாட்டில் அவ்வண்டிகளின் திருட்டு பெருகியது. எனவே, மாற்றுச் சாவி பெறுவதில் ஏற்படும் சிரமமும் செலவும் வீண் தொல்லையல்ல. வண்டி தெருவில் பத்திரமாக நிற்பதற்குக் கொடுக்கும் விலையே அது.

இரண்டு, ஒன்று, பூஜ்யம்

மாற்றுச் சாவி பெறும் வழிகளைக் கையிலிருக்கும் சாவிகளின் எண்ணிக்கையைக்கொண்டு மூன்றாகப் பிரிக்கலாம்.

கையில் இரண்டு சாவிகள் இருக்கும்போது மூன்றாவதைச் சேர்ப்பது எளிது. சில வண்டிகளில் உடையவரே இதனைச் செய்துகொள்ளலாம். உதாரணமாக, ஃபோர்டு கம்பெனியின் பழைய மாதிரிகள் பலவற்றில், பதிவு பெற்ற இரண்டு சாவிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செருகித் திருப்பியபின், குறிப்பிட்ட சில விநாடிகளுக்குள் புதிய சாவியைச் செருகித் திருப்பினால் வண்டி அதனையும் ஏற்றுக்கொள்ளும். இரண்டு சாட்சிகள் முன்மொழிந்தால் புதியவரைச் சங்கத்தில் சேர்த்துக்கொள்வதைப் போன்றது இது. எல்லா வண்டிகளிலும் இவ்வசதி இல்லை. தம் வண்டியில் உண்டா என்பதை அதனுடன் வந்த கையேட்டைப் பார்த்து அறியலாம்.

கையில் ஒரே சாவி இருக்கும்போது தொழிலாளியின் உதவி வேண்டும். அவர் இரண்டு முறைகளில் ஒன்றைக் கையாளுவார்.

முதல் முறை நகலெடுத்தல். இருக்கும் சாவியிலுள்ள சில்லின் எண்ணைச் சிறு கருவியால் படித்து, எழுதத்தக்க வெற்றுச் சில்லில் அதே எண்ணை எழுதுவது. இரண்டு சாவிகளும் ஒன்றே என வண்டி கருதும். வண்டியின் மின்னணு மூளையைத் தொட வேண்டியதில்லையாதலால் செலவு குறைவு, அபாயமும் குறைவு. ஆனால் ஒரு குறை உண்டு. பின்னொரு நாள் ஒன்று தொலைந்துவிட்டால், அதனை மட்டும் தனியே பதிவிலிருந்து நீக்க முடியாது. மேலும் எல்லாவகைச் சில்லுகளையும் நகலெடுக்க இயலாது. நிலையான எண் கூறும் பழைய சில்லுகள் எளிதில் படியும். சங்கேதச் சில்லுகளில் சில, வண்டியுடன் நடத்தும் உரையாடலைப் பதிவுசெய்து கணக்கிட்ட பின்னரே படியும். புதிய வலுவான சில்லுகள் படியவே படியா.

இரண்டாம் முறை பதிவுசெய்தல். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னே, பலகைக்கு அடியில் உள்ள நோயறி இணைப்பு முனையில் கருவியைச் செருகி, புதிய சில்லின் அடையாளத்தை வண்டியின் நினைவில் தனியாக எழுதுவது. இதற்குச் சில வண்டிகளில் இரகசியக் குறியெண் கேட்கப்படும். இம்முறையில் ஒவ்வொரு சாவிக்கும் தனி அடையாளம் உண்டு, தொலைந்ததை நீக்கிவிடலாம். ஆகவே, சாவி வீட்டுக்குள்ளேயே எங்கோ தவறியிருந்தால் நகலெடுத்தல் போதும். வெளியிடத்தில் தொலைந்தது என்றால் பதிவுமுறையே தக்கது.

பல வண்டிகளில் பதிவுமுறை பழைய பட்டியல் முழுவதையும் முதலில் அழித்துவிட்டே தொடங்கும். எனவே வீட்டிலுள்ள எல்லாச் சாவிகளையும் அன்று உடன் கொண்டுபோக வேண்டும். இல்லாவிடில் விட்டுவந்த நல்ல சாவியும் செல்லாக்காசாகிவிடும். பதிவு நடக்கும் வேளையில் வண்டியின் பெரிய மின்கலம் நல்ல நிலையில் இருத்தலும் அவசியம். நடுவில் மின்சாரம் குன்றினால் மின்னணு மூளையின் நினைவு கெடக்கூடும்.

கையில் சாவி எதுவும் இல்லாதபோது செலவு திடீரென உயர்கிறது. வண்டியை நகர்த்த இயலாது. இழுவை வண்டியோ, இடத்துக்கே வரும் தொழிலாளியோ தேவை. அலகை வெட்டப் பார்த்து நகலெடுக்க மாதிரி இல்லை. இரகசியக் குறியெண்ணைக் கம்பெனியிடமிருந்து உரிமைச் சான்றுகளைக் காட்டிப் பெற வேண்டும். அல்லது மின்னணுப் பெட்டியைக் கழற்றி அதன் நினைவுச் சில்லை நேரடியாகப் படிக்க வேண்டும். சில வண்டிகளில் பெட்டியையே மாற்ற நேரும். நேற்று ஒரு சாவி இருந்தபோது சில ஆயிரத்துக்குள் முடிந்திருக்கக்கூடிய வேலை, இன்று அதனினும் பன்மடங்காகிறது.

சிக்கனத்துக்கு ஏற்ற முறை

மல்லேஸ்வரத்து ஆசிரியருக்கு இனி விடை கூறலாம். அவருக்குத் தேவை பொத்தான் உள்ள அழகிய சாவியன்று. சில்லும் அலகும் மட்டும் கொண்ட எளிய சாவியே. மாற்றுச் சாவி அலமாரியில் கிடக்கப்போவது; ஆண்டுக்கு இரண்டொரு முறை உதவினால் போதும். பொத்தான் பகுதியை விட்டுவிட்டாலே செலவில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

முன்பு வெட்டித்தந்த சில்லற்ற உலோகச் சாவியும் வீணன்று. சாவியை உள்ளே வைத்துக் கதவை மூடிவிட்டால் திறப்பதற்கு அதனைப் பணப்பையில் வைத்துக்கொள்ளலாம். எஞ்சினை ஓட்டாதாகையால் பிறர் கையில் சிக்கினாலும் வண்டி நகராது.

விரிசல் கண்ட பிடிக்குப் புதிய வெற்றுக்கூடு மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை. பல சாவிகளில் சில்லு, பொத்தான் பலகையுடன் சேராமல் கூட்டின் ஒரு மூலையில் தனியே ஒட்டப்பட்டிருக்கும். பலகையை மட்டும் புதிய கூட்டுக்கு மாற்றிவிட்டுப் பழைய கூட்டைக் குப்பையில் எறிவோர், சில்லையும் சேர்த்தே எறிந்துவிடுகின்றனர். வண்டி ஓடாதபோதுதான் தவறு தெரியவரும்.

அலகை வெட்டும்போது இயன்றவரை கம்பெனி கொடுத்த அசல் சாவியையே மாதிரியாகக் கொள்ள வேண்டும். நகலுக்கு நகல் எடுத்தால் பிழை கூடிக்கொண்டே போகும். தேய்ந்த சாவியின் நகல் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுக்கும். புதிய வண்டியுடன் சாவி எண் பொறித்த சிறு தகடு ஒன்றைப் பல கம்பெனிகள் கொடுக்கின்றன. அவ்வெண்ணைக்கொண்டு தேய்மானமற்ற அலகை வெட்டலாம். ஆகவே அத்தகட்டைச் சாவிக்கொத்திலோ வண்டிக்குள்ளோ வைக்காமல் வீட்டுப் பத்திரங்களுடன் வைத்தல் நலம்.

பெங்களூரில் ஜே.சி. ரோடு மோட்டார் உதிரிபாகங்களுக்கும், எஸ்.பி. ரோடு மின்னணுப் பொருள்களுக்கும் பேர்போனவை. ஆயினும் கூடு, சில்லு ஆகியவற்றை உடையவரே வாங்கிக்கொண்டு செல்வதைவிட, வேலை செய்பவரையே பொருளும் சேர்த்துத் தரச்சொல்வது பெரும்பாலும் சிக்கனமாக முடியும். சில்லின் வகை தவறினால் பொறுப்பு அவருடையதாகும்.

கூலி கொடுக்குமுன் செய்யவேண்டிய சோதனை

புதிய சாவி ஒவ்வொரு கதவிலும் எஞ்சின் பூட்டிலும் தடையின்றித் திரும்ப வேண்டும். எஞ்சினை ஓட்டி இரண்டு நிமிஷமாவது ஓடவிட வேண்டும். இரண்டு விநாடி ஓடியது கண்டு திருப்தியடையலாகாது. முகப்புப் பலகையில் பூட்டு விளக்கு அணைந்திருக்க வேண்டும். பின்னர் பழைய சாவியும் முன்போலவே வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிவுமுறையாயின், வண்டியின் நினைவில் இப்போது எத்தனை சாவிகள் உள்ளன எனக் கருவியில் காட்டச் சொல்ல வேண்டும். தெரியாத மூன்றாவது சாவி ஒன்று பட்டியலில் இருக்கலாகாது.

சோதிக்கும்போது இரண்டு சில்லுச் சாவிகளையும் ஒரே வளையத்தில் கோத்திருக்கக் கூடாது. இரண்டு சில்லுகளும் ஒரே சமயத்தில் மறுமொழி கூறினால் வண்டி குழம்பும். நல்ல சாவியுடன் வண்டி திடீரென ஓட மறுக்கும் சமயங்களிலும் முதலில் இதனையே கவனிக்க வேண்டும்.

கள்ளச்சாவியும் மாற்றுச் சாவியும்

அசலல்லாத சாவியைக் ‘கள்ளச்சாவி’ என்றே குறிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அப்பெயர் ஓர் எச்சரிக்கையாகும். உடையவருக்கு எளிதான வழி திருடனுக்கும் எளிதாகலாம்.

2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தையும் ஆர்.எஸ்.ஏ. ஆராய்ச்சிக்கூடத்தையும் சேர்ந்த அறிஞர்கள், அப்போது பல இலட்சம் வண்டிகளில் பயன்பட்ட ஒருவகைச் சில்லின் சங்கேதத்தை உடைத்துக் காட்டினர். அதன் இரகசிய எண் 40 இரும இலக்கங்கள் கொண்டது. சாத்தியமான எண்கள் ஏறத்தாழ 1 இலட்சத்து 10 ஆயிரம் கோடி. விசேஷச் சில்லுகள் பதினாறை ஒருங்கே இயக்கி, ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக அவர்கள் இரகசிய எண்ணைக் கண்டுபிடித்தனர். 48 இலக்கம் கொண்ட மற்றொரு வகை, 2012-ஆம் ஆண்டில் ஆறு நிமிஷத்துக்குள் உடைபட்டது. 96 இலக்கம் கொண்ட மூன்றாவது வகையின் குறைகளைப் பற்றிய கட்டுரைக்கு 2013-ஆம் ஆண்டில் இங்கிலாந்து உயர்நீதிமன்றம் தடை விதித்தது. அது 2015-ஆம் ஆண்டிலேயே வெளியாயிற்று. ஒரு சங்கேதத்தின் அமைப்பை எல்லோரும் அறிந்திருந்தாலும், திறவுகோல் மட்டும் இரகசியமாக இருந்தால் அது காக்க வேண்டும் என்று கெர்க்காஃப்ஸ் என்னும் அறிஞர் 1883-ஆம் ஆண்டிலேயே கூறினார். அமைப்பை மறைத்து வைப்பதையே காவலாகக் கொண்ட சில்லுகள், அமைப்பு வெளிப்பட்டதும் வலுவிழந்தன.

இதிலிருந்து வண்டி உடையோர் கொள்ளவேண்டிய பாடம் சில. சாவியை முன்பின் அறியாதவரிடம் விட்டுச் செல்லாமல், வேலை முடியும்வரை உடனிருக்க வேண்டும். வண்டியின் பதிவுச் சான்றையும் உடையவரின் அடையாளச் சான்றையும் கேட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் தொழிலாளியே நம்பத்தக்கவர். எதையும் கேளாதவர் நாளை வேறொருவருக்கும் அவ்வாறே செய்வார். கூலிக்கு இரசீது பெற வேண்டும். நல்ல சில்லு ஒன்றைப் பூட்டின் சுருளுக்கருகே நிரந்தரமாக ஒட்டிவிட்டால் எந்த உலோகச் சாவியாலும் வண்டியை ஓட்டலாம் என்று சிலர் யோசனை கூறுவர். அது வாயிற்காவலனின் வாயில் அடையாளச் சொல்லை எழுதி ஒட்டுவதற்கு ஒப்பாகும், ஒருபோதும் இணங்கலாகாது.

வண்டி திருடுபோனால் காப்பீட்டு நிறுவனங்கள் வழக்கமாக எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கக் கேட்கின்றன. ஆகையால் சாவி தொலைந்தவுடன் போலீசில் தகவல் பதிந்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்து நகலை வைத்துக்கொள்ள வேண்டும். புதிய சாவி வந்துவிட்டது என்பதற்காகப் பழுதுற்ற அசல் சாவியை எறிந்துவிடவும் கூடாது.

வகுப்பறையில் செய்து காட்டுவதற்கு

ஆசிரியர்கள் இவ்விஷயத்தைக்கொண்டு இரண்டு பாடங்கள் நடத்தலாம். முதலாவது தூண்டல். பல சுற்றுகள் கொண்ட கம்பிச் சுருளைக் கால்வனாமீட்டருடன் இணைத்து, அதனுள் காந்தத்தை நுழைத்து எடுத்தால் முள் அசைவதைக் காணலாம். காந்தம் அசையாதபோது முள்ளும் அசையாது. பின்னர், சில்லுச் சாவியின் பிடியை அலுமினியத் தாளால் பல சுற்றுகள் இறுகச் சுற்றி வண்டியை ஓட்ட முயன்றால், பெரும்பாலும் வண்டி மறுத்துவிடும். தாளை நீக்கியதும் ஓடும். சாவியில் சில்லு உண்டா என்று கண்டறியவும் இதே சோதனை உதவும்.

இரண்டாவது சங்கேதம். இரண்டு மாணவருக்கு மட்டும் 37 என்னும் இரகசிய எண்ணைச் சொல்லிவைக்கவும். ஒருவர் வண்டி, மற்றவர் சாவி. வண்டி 24 என்று கேட்டால், சாவி அதனை 37-ஆல் பெருக்கி வரும் 888-இன் கடைசி இரண்டு இலக்கங்களான 88-ஐ மட்டும் கூற வேண்டும். ஒட்டுக்கேட்கும் மாணவர்கள் 1 முதல் 99 வரை உள்ள எண்களைச் சோதித்தால், 12, 37, 62, 87 ஆகிய நான்கும் அதே விடை தருவதைக் காண்பர். அடுத்து வண்டி 51 என்று கேட்கச் சாவி 87 என்று கூறினால், 37 ஒன்றே எஞ்சும். ஒரே உரையாடலில் மறைந்திருந்த இரகசியம் இரண்டாவதில் வெளிப்பட்டுவிடுகிறது. 2005-ஆம் ஆண்டு அறிஞர்களும் ஏறத்தாழ இவ்வாறே இரண்டு கேள்வி-விடைகளைக்கொண்டு எண்ணைப் பிடித்தனர். இரகசிய எண் நீளமாக நீளமாகச் சோதிப்பது கடினமாவதை மாணவர் தாமே உணர்வர்.

கடமை

அலுவலக வண்டிகளுக்குப் பொறுப்பானவர்கள் ஒவ்வொரு வண்டிக்கும் எத்தனை சாவிகள் உள்ளன, அவை யார் வசம் உள்ளன, சாவி எண் தகடு எங்கே உள்ளது என்னும் மூன்றையும் பதிவேட்டில் குறித்துவைத்தல் நன்று. சுற்றுப்பயணம் புறப்படும் வண்டியின் மாற்றுச் சாவி, ஓட்டுநரல்லாத மற்றொருவரின் பையில் இருக்க வேண்டும். ஒரே சாவியுள்ள வண்டி எதுவாயினும், அச்சாவி நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் இன்றே இரண்டாவதைச் செய்துகொள்ளுதல் வேண்டும்.